ஆயுதச் சோதனை

யூட்லாந்தின் பைன் காட்டு முகப்பில்
ஒரு மடக்கு மேசை, ஃபிளாஸ்க்கில் காபி,
பச்சை நாடாச் சுருள் ஒன்று.
நாடா கட்டினால் போர்க்களம்.
கட்டாவிட்டால் காருக்குத் திரும்பு.
சனிக்கிழமை காலை ஏழு மணி முதல்
நூற்று நாற்பது ஆயுதங்களிடம்
நான் அடிவாங்கிப் பார்க்கவேண்டும்.

முதலில் முனை.
கட்டைவிரலால் அழுத்தினால்
உள்ளே தண்டு தட்டுப்படக் கூடாது.
அடுத்து வளைவு:
நுனியை மடக்கி விட்டால்
பூனை முதுகு போல நிமிரவேண்டும்.
பிறகு அடி. என் முதுகில்தான்.
பூதங்களும் இளவரசிகளும்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடிப்பார்கள்.

நானும் செய்கிறவள்.
கார் கொட்டகையில், ஜன்னலைத் திறந்துவைத்து
(திறக்க மறந்த அன்று
பசை நெடியில்
பக்கத்து வீட்டு நாய்க்கு வணக்கம் சொன்னேன்)
யோகா விரிப்பை வாளின் உருவில் அறுத்து
இரு பக்கமும் பசை தடவிக் காத்திருப்பேன்.
ஈரத்தில் ஒட்டினால் பெயர்ந்துவிடும்.
விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான்
ஒன்றை ஒன்று விடாது.
இதில் உட்பொருள் எதுவும் இல்லை. பசை அப்படி.
தண்டின் நுனிக்குத் தோல் தொப்பி.
ரப்பர் பால் ஏழு பூச்சு.
வெள்ளிச் சாயம், துருவுக்குக் கொஞ்சம் காபித்தூள்.
மார்க்கவசத்துக்கு ஃபோம் தகட்டை
அனல்காற்றில் வாட்டி
என் முழங்காலில் வைத்தே வளைத்தேன்.
தோள்பக்கம் ஓரிடம் வெந்து பொங்கிவிட்டது.
டிராகன் கடித்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

பதினோரு மணிக்கு வரிசையில் எப்பே.
முகமெல்லாம் பச்சை, தாடையில் பன்றிப்பல்.
ஆனாலும் அந்த இருமல் எனக்குத் தெரியும்.
காற்றாலை இறக்கை வார்க்கும் ஆலையில்
எங்கள் மூன்றாம் கூடத்தின் மேலாளர்.
ஜனவரியில் வந்த கடிதத்தில்
மேலே என் பெயர், கீழே அவர் கையெழுத்து.
வெட்டு ஒன்று துண்டு இரண்டு.
அன்று பல்வலிக்கு விடுப்பில் இருந்தேன்.
முதுகில் பட்டதை
விழுப்புண் என்று எப்படிச் சொல்ல?

"சிசெல்," என்றார்.
"ஆயுதத்தை மேசையில் வையுங்கள்," என்றேன்.

இரட்டைத் தலைக் கோடரி.
பிடியில் சுற்றிய தோலின் இடுக்கில்
தண்டு தெரிந்தது: வெளிர்சாம்பல் ஃபைபர்.
எங்கள் கூடத்துக் கழிவுத் தொட்டி ரகம்.
நான் வார்த்ததாகவும் இருக்கலாம்.

முனையை அழுத்தினேன். மெத்தென்றிருந்தது.
மறுபடி அழுத்தினேன், குற்றம் தேடி.
ஒட்டில் பிளவு உண்டா,
ரப்பரில் பிசுபிசுப்பு உண்டா,
ஒரு குமிழாவது?
பின்னால் ஒரு மந்திரவாதி கொட்டாவி விட்டார்.
இவ்வளவு பொறுமையான கைகளா
அந்தக் கடிதத்தை —
சரி, கடிதம் அச்சில் வந்தது.

திரும்பி நின்றேன்.
"அடியுங்கள்."
அடிக்கவில்லை.
"விதி," என்றேன், மரங்களைப் பார்த்து.
காற்று கிழியும் சத்தம் கேட்டது;
என்னைத் தொடுமுன் அது அடங்கியது.
தலையணை விழுந்தாற்போல் ஒன்று.
"இன்னும் பலமாக."
பலமாகவே அடித்தார். வலிக்கவில்லை.
அதுதான் எரிச்சல்.

பச்சை நாடாவை வெட்டிக் கட்டினேன்.
முடிச்சு இரண்டு முறை நழுவியது.
பன்றிப்பல்லை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:
"தண்டு உங்கள் கூடத்தில் எடுத்தது.
யாரிடமும் கேட்கவில்லை."
"அடுத்தவர்," என்றேன்.

மூன்று மணிக்கு ஓடைக்கரைப் போர்.
நான் மேற்குக் கோட்டையின் கொடி தாங்கி.
என் முதுகுப்பக்கப் புதரிலிருந்துதான் வந்தார்.
வந்தவர் நின்றார்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டு,
நான் திரும்பும்வரை காத்திருந்து,
மார்பில் ஒன்று. மெத்தென்று.

விதிப்படி விழுந்தேன்.
செத்தவர்கள் கண்மூடி நூறு எண்ணவேண்டும்.
பைன் ஊசி காதில் குத்தியது.
உயிருள்ள கொசு ஒன்று புருவத்தில் உட்கார்ந்தது.
நாற்பதில் கணக்குத் தவறி
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.