கீழ்வீட்டு அடுப்பு

பதினாறு பவுண்டு வான்கோழியை
உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய
நாற்பதாவது நிமிடத்தில்
எங்கள் மாடிவீட்டு அடுப்பு
ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது.

துலூத் நகரில் நன்றி நாள்.
கடைகளெல்லாம் சாத்தியாகிவிட்டன.
ஏரியிலிருந்து ஏறிவந்த காற்று
சரிவுத் தெருவில் நின்ற கார்களை
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.

டுவைட் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான்.
அவனுக்குத் தெரிந்தது கப்பல் எஞ்சின்.
எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு,
ஆபரேஷன் அறையிலிருந்து வருகிறவனைப்போல
தலையை ஆட்டினான்.
கிரான்பெரி சாஸோடு வந்த மார்லிஸ்
சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல்
கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் சரிந்தாள்.
சோல்வெய்க் மட்டும் சிரிக்கவில்லை.
"கீழே கேட்கலாமா?" என்றாள்.

கீழே லோர்னா வசிக்கிறாள்.
வசிக்கிறாள் என்பதைவிட
பூட்ஸ் மாற்ற வந்துபோகிறாள்.
நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள்;
நவம்பர் முதல் ஏப்ரல்வரை
அவளைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம்:
விடியுமுன் தெருவைச் சுரண்டும் இரும்பு.
இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.
அந்த இரும்பு போனபின்
எங்கள் கார்களை மறித்து
முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு கிடக்கும்.
மண்வெட்டியால் அதை உடைக்கும்போது
நான் திட்டியிருக்கிறேன்,
பெயர் சொல்லியே.

கதவைத் திறந்தவள்
எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை,
தட்டிலிருந்த பறவையைப் பார்த்தாள்.
வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
சாவியை வளையத்திலிருந்து உருவியபடி
"பின்னறையில் ஒரு பெட்டி இருக்கு," என்றாள்,
"மூணு வருஷமா பிரிக்கல.
எப்படியும் உட்கார்ந்திருக்கப் போறீங்க."

பெட்டியில் பாதி மரம்தான் இருந்தது.
கிளைகளின் நுனியில் பூசிய நிறங்கள் உதிர்ந்து
எது மேல், எது கீழ் என்பது
மார்லிஸுக்கும் டுவைட்டுக்கும் இடையே வழக்கானது.
கால் இல்லை. ஆகவே சாலைக்குத் தூவும் உப்பு
நிறைந்த வாளியில் நட்டோம்.
கண்ணாடி உருண்டைகள்
ஓவர்டைம் சீட்டுகளில் சுற்றியிருந்தன:
டிசம்பர் இருபத்துநான்கு, இரவு பத்து முதல் காலை ஆறு.
இன்னொன்று. அதே தேதி, வேறு வருடம்.
நாங்கள் அவற்றைக் கசக்கவில்லை,
நீவி, அடுக்கி, மேசை ஓரம் வைத்தோம்.

விளக்குச் சரத்தில் ஒரு குண்டு செத்தால்
மொத்த வரிசையும் சாகும்.
ஒவ்வொன்றாய்க் கழற்றி மாட்டி
அறுபத்தோராவதில் சோல்வெய்க் கண்டுபிடித்தாள்.
உச்சிக்கு நட்சத்திரம் கிடைக்கவில்லை.
கதவோரம் கிடந்த
ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பைக் கவிழ்த்தோம்.
மரம் கொஞ்சம் குனிந்தது,
ஆனால் சம்மதித்தது.

பத்து மணிக்குச் சாப்பிட்டோம்,
லோர்னாவின் மூன்று தட்டுகளிலும்
ஒரு வாணலி மூடியிலும்.
எதற்கு நன்றி என்று
ஒவ்வொருவராய்ச் சொல்லும் வழக்கம்.
டுவைட் உப்புக்கு என்றான்.
மார்லிஸ், செத்துப்போன அடுப்புக்கு.
"இந்த வருஷம் என்னை விட்டுடுங்க" என்று
சோல்வெய்க் ரொட்டியைப் பிய்த்தாள்.
விட்டுவிட்டோம்.
கிழங்கு அவள் பக்கம் நகர்ந்தது.

தொடைக்கறியை ஃபாயிலில் மூடி வைத்து,
விளக்குகளை அணைக்காமல்
மேலே வந்து கிடைத்த இடத்தில் படுத்தோம்.

இரண்டு மணி இருக்கும்.
கூரையில் மஞ்சள் வெளிச்சம் சுழன்றது.
தெரு முனையிலிருந்து சுரண்டிக்கொண்டே வந்த இரும்பு
எங்கள் ஜன்னலுக்குக் கீழே
சட்டென்று மௌனமானது.
வண்டி நின்றதா, ஊர்ந்ததா, தெரியவில்லை.
நான் எழுந்து பார்க்கவில்லை;
போர்வைக்குள் அப்படி ஒரு சூடு.
பிறகு, இரண்டு வீடு தள்ளி,
மறுபடி சுரண்டல்.

காலையில் மண்வெட்டியோடு இறங்கினேன்.
தெரு நெடுக, இருபுறமும், வரப்பு.
எங்கள் வாசலில் மட்டும்
நான்கு கார் நீளத்துக்கு
தள்ளாமல் விட்ட பனி,
கணுக்கால் அளவு, மிருதுவாக.
கீழ்வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால்
கூம்பு சாய்ந்தபடி எரிந்துகொண்டிருந்தது.
உடைக்க எதுவும் இல்லாத மண்வெட்டியை
எந்தக் கையில் வைத்துக்கொள்வதென்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.