ஓர் எழுத்து அதிகம்

ஷார்ஜா, ரோலா.
மொபைல் கடைகளுக்கு நடுவில் எங்கள் டைப்பிங் சென்டர்.
புகார்க் கடிதம் முப்பது திர்ஹம்,
மொழிபெயர்ப்போடு என்றால் ஐம்பது.
காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சுக்கு
இங்கேதான் முதல் சம்பளம்.

அனிசே, கேமரூன்காரர், மால் வாசலில் காவல்.
கையால் எழுதிய இரண்டு பக்கம் கொண்டுவந்தார்.
சம்பளம் வருகிறது. பாஸ்போர்ட் அவரிடமே இருக்கிறது.
ஓவர்டைம் பாக்கி இல்லை.
பிறகென்ன புகார் என்றேன்.
அடிக்கோடிட்ட ஒரு சொல்மேல் விரலை வைத்தார்:
மெப்ரி.

திட்டினார்களா?
திட்டுவதற்கு ஆளைப் பார்க்க வேண்டுமே, மேடம்.
சூப்பர்வைசர் பதினாலு மாதமாக
என் தோளுக்கு மேலே யாரிடமோ பேசுகிறார்.
நான் நிற்கும் லிஃப்டில் ஏறுவதில்லை,
அடுத்தது வரும்வரை போனைப் பார்க்கிறார்.

'ப்ரி' என்றால் விலை.
முன்னால் ஒட்டிய 'மெ', பிசகு.
நம்மிடமும் உண்டு:
மதிப்புக்கு முன்னால் ஓர் 'அவ'.
கண்காணாத இரண்டு மொழிகள்
ஒரே கடையில் ஏமாந்திருக்கின்றன.

ஆபத்தை மெப்ரி செய்து
தீக்குள் ஓடினான் என்றும் அங்கே எழுதுவார்கள்.
அப்போது அது வீரம்.
நான்கு கோடை வெயிலை
அப்படித்தான் அனிசே நின்று கழித்தார்.
அதைப் பற்றிப் புகார் ஏதுமில்லை.

அடித்து, அச்செடுத்து நீட்டினேன்.
கடைசியில் வாலாக ஓர் எழுத்து கூடியிருந்தது.
மெப்ரீஸ்.
தெரியாமல் நடந்த பிழை,
ஒருவரை இன்னொருவராக நினைத்துவிட்ட குழப்பம்.
அனிசே சிரித்தார்.
அந்த எழுத்தை எடுத்துவிடுங்கள் மேடம்,
தவறியது உங்கள் விரல்.
அவர் தவறவில்லை.

எடுத்தேன்.
படிவத்தில் பெட்டிகள்:
ஊதியம், விடுப்பு, தங்குமிடம், இதர.
இதரவில் ஒரு டிக்.
கோரும் தொகை எவ்வளவு என்றது திரை.
சைபர் போட்டால் நகர மறுத்தது.
இருவரும் யோசித்து
ஒன்று போட்டோம்.
ஒரு திர்ஹம்.

ஐம்பதை எண்ணி வைத்தார்,
நாணயமும் கலந்து.
டிராயரில் தள்ளிவிட்டு
டோக்கன் நாற்பத்தேழு என்று கூப்பிட்டேன்.
கண்ணாடிக் கதவு மூடிய பிறகுதான்
அவர் ஏதோ சொல்லிப் போனது உறைத்தது.

நன்றியாகத்தான் இருக்கும்.
நிமிர்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.