பெயர் எழுதாத மருந்து

ஏலத்தில் வேறு யாரும் கை தூக்கவில்லை. வெளியே ஆலங்கட்டி மழை.
நாற்பது டாலருக்கு இரண்டு தகரப் பெட்டிகள் என் தலையில் விழுந்தன.
உள்ளே எண்ணெய்க் காகிதம், அதற்குள் தோட்டாக்கள்,
நான் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்
யாரோ அடுக்கியது அடுக்கியபடி.
பித்தளையின் அடியில் 54 என்று ஓர் எண்.
அது மட்டும்தான் எனக்குப் படிக்க வந்தது.

அந்தக் காலத்து எரியூட்டி குழலை அரிக்கும், அப்படியே சுட முடியாது.
பிரித்து, மருந்தை மட்டும் எடுத்து
புதுப் பித்தளையில் நிரப்பலாம் என்பது கணக்கு.
கான்கிரீட்டில் மூன்று தட்டு.
குண்டு கழன்றது, பின்னாலேயே மருந்து சொரிந்தது,
பென்சில் முனைகளைப் பொடிப்பொடியாய் நறுக்கியது போல்,
சாம்பலில் கொஞ்சம் பச்சை கலந்து.

வெண்டெல் வந்தான், மனைவியின் பூதக்கண்ணாடியோடு.
உள்ளங்கையில் கொட்டி, ஒற்றை விரலால் கிளறி,
கடையில் விற்கும் ஒரு டப்பாவின் எண்ணைச் சொன்னான்,
தொட்டில் குழந்தைக்கு அப்பன் சாடை சொல்வதுபோல.
"அதே நீளம், அதே நிறம். வேறென்ன வேணும்?"
அவனுக்கு வெளுத்ததெல்லாம் பால், கறுத்ததெல்லாம் மிளகு.
அவன் இடது புருவத்தில் மயிர் முளைக்காத ஒரு கோடு இருக்கிறது.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

அவன் போனபிறகு மோந்து பார்த்தேன்.
கெட்டது மூக்கைக் கடிக்கும்.
இதில் நகப்பூச்சு வாசம்.
அழுகவில்லை என்றுதான் மூக்கால் சொல்ல முடியும்,
அவசரக்காரனா நிதானக்காரனா என்று சொல்லாது.
ஒரே கறுப்பு, ஒரே நீளம்,
ஒன்று குண்டைத் தள்ளும்,
இன்னொன்று துப்பாக்கியைத் திறக்கும்
என் கன்னத்துக்குக் கையகலத் தூரத்தில்.

எல்க் வேட்டைக்கு ஒன்பது நாள்.
பியூல் நகரக் கடையில் மருந்து அலமாரி காலி,
அடுத்த ஊரிலும் காலி.
இரவு கராஜில் தராசின் முன்னால் உட்கார்ந்து
வெண்டெல் சொன்ன எண்ணையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.
முணுமுணுக்க முணுமுணுக்க அது உண்மை மாதிரியே ஆகிவந்தது.

எதிர்வீட்டு ரஸியா ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்,
ட்ரௌட் ஆலையின் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.
பெட்டிக்குள் கிடந்த துண்டுச்சீட்டைக் கேட்காமலே எடுத்து
விளக்கடியில் பிடித்து வாசித்தாள், சத்தமாக, அவள் மொழியில்.
அந்தத் தொழிற்சாலையில் நாலு வருடம் வேலை பார்த்தவளாம்.
பன்னிரண்டு வருடமாய் எதிரெதிரே இருக்கிறோம்,
எனக்குத் தெரியாது.

"மருந்தோட பேர் எங்கே?" என்றேன்.
"பேரா? மாதம் இருக்கு, தொகுதி இருக்கு, கட்டினவள் எண் இருக்கு.
மருந்து பீப்பாயில் வரும். ஒவ்வொரு பீப்பாயையும் சுட்டுப் பார்த்து
இவ்வளவு போடுன்னு மேலே இருந்து சீட்டு வரும்,
அடுத்த பீப்பாய்க்கு வேறு சீட்டு.
பேர் எங்களுக்கே தெரியாதே."
சீட்டை இன்னொரு தடவை பார்த்தாள்.
"ஐம்பத்து நாலில் அம்மா அங்கே இருந்தாள்.
எந்த மேசையில் என்று கேட்டுவைக்கவில்லை."

பெயர் எழுதாத புட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் குடிப்பேனா?
இதற்கும் மருந்து என்றுதானே பெயர்.

காலையில் வாளியோடு பின்பக்கம் போய்
பூசணிப் பாத்தியில் மெல்லிசாகத் தூவினேன்,
கோழிக்குத் தவிடு இறைப்பதுபோல. நைட்ரஜன்தான், எப்படியும்.
ரஸியா வேலியோரம் நின்று பார்த்தாள், சிரிக்கவில்லை.
காலிப் பெட்டி ஒன்றைக் கேட்டாள், மிளகாய் நட.

பழைய கடைத் தோட்டா பதினொன்றோடு மலைக்குப் போனேன்.
இரண்டு சுட்டேன், இரண்டும் பைன் மரத்துக்கு.
வெண்டெல் இன்னும் பேசுவதில்லை,
நாற்பது டாலரை மண்ணில் கொட்டினேனாம்.
அந்தச் சீட்டு எதிர்வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில்
மீன் வடிவக் காந்தத்தின் கீழே இருக்கிறது.
பூசணி இந்த வருடம் இலைதான் அதிகம்.