பத்தொன்பதாவது நிமிடம்

குளிரில் அதைக் குறை சொல்ல முடியாது.
கயிற்றை இரண்டு முறை சுண்டினால்
இருமிவிட்டு எழுந்துகொள்ளும்.
எழுபத்து நான்காம் வருஷத்துப் பனிவாரி எந்திரம்.
சிவப்பு போன இடத்தில் துரு,
துரு போன இடத்தில்
நான் அடித்த வேறொரு சிவப்பு.

சூடேறினால்தான் குணம் மாறும்.
பத்தொன்பதாவது நிமிடம்
குரல் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்,
சைலன்சரில் ஒரு வெடி,
பிறகு சுப்பீரியர் ஏரியின் காற்று மட்டும்.

நிற்கிற இடம் எப்போதும்
டார்லா கஸ்கினனின் தபால் பெட்டிக்கு எட்டடி முன்னால்,
ஆரஞ்சு நாடா கட்டிய முளைக்குச்சியின் அருகே.
அக்டோபரில் நில அளவைக்காரர் அடித்துவிட்டுப் போனது.
அளக்கச் சொன்னது அவள்.

பன்னிரண்டு குளிர்காலம்
அவள் கதவுவரை நான்தான் தள்ளினேன்.
இந்த வருஷம் எல்லையோடு நின்றுவிடுகிறேன்.
நிற்பது நானல்ல, எஞ்சின் என்று
எந்த முகத்தோடு போய்ச் சொல்ல?
ஜன்னல் திரை விலகும். மூடும்.
சற்று நேரத்தில் அவள் அலுமினிய வாரியோடு வருவாள்.

போன மார்ச்சிலிருந்து கிடந்த பெட்ரோலை வடித்துப் பார்த்தேன்.
டாங்க் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்குமோ என்று
தளர்த்திவிட்டு ஓட்டினேன்;
கையுறையெல்லாம் பெட்ரோல் தெறித்ததுதான் மிச்சம்.
கார்புரேட்டரை மூன்று தரம் கழற்றி
ஜெட்டுக்குள் கிடார் கம்பி விட்டுத் துழாவினேன்.
ரொட்டியிலும் பெட்ரோல் வாசம்.
சூட்டில் வால்வுத்தண்டு நீண்டு, மூட வேண்டியது மூடாமல்
அழுத்தம் கசியலாம் என்றார்கள்.
இடைவெளியை அளந்தேன். சரியாக இருந்தது.
சரியாக இருந்ததுதான் எரிச்சல்.

ஆறிய பிறகு எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.
மேஜைக்கு வரும்போது அது நிரபராதி.
சூட்டோடு பிடிக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இருட்டிய பிறகு நின்றது.
உடனே பிளக்கைக் கழற்றினேன், விரல் சுட்டது.
வயரோடு சேர்த்து எஞ்சின் தலையில் சாய்த்துப் பிடித்தேன்.
ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் கயிற்றை இழுக்க வேண்டும்.

"இழு" என்றேன், வாரியோடு நின்றவளைப் பார்த்து.
நான்கு மாதத்தில் அவளிடம் பேசிய முதல் சொல்.
வாரியைப் பனியில் குத்திவிட்டு வந்தாள்.
இழுத்தாள். பொறி இல்லை.
இழுத்தாள். இல்லை.
"வேணும்னேதான் இங்கே நிறுத்தறேன்னு நினைச்சேன்."
"இழு."
இல்லை.

ஒரு கை பனியை அள்ளி
காயில் இருக்கும் பக்கமாய் அப்பினேன்.
புஸ்ஸென்று ஆவி. இன்னொரு கை. இன்னொன்று.
அவள் மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவில்லை.
பிறகு இழுத்தாள்.
நீலமாய், ஊசிமுனை அளவு, சடக்.
"அதோ!" என்றாள், ஏதோ அவளே செய்ததுபோல.

காயிலுக்குள் முடியைவிட மெல்லிய கம்பி
எங்கோ அறுந்திருக்கிறது.
குளிரில் நுனிகள் தொட்டுக்கொள்ளும், சூட்டில் விலகும்.
சொன்னேன். தலையாட்டிவிட்டுத்
தன் பங்குப் பனியைத் தள்ளப் போனாள்.

புதுக் காயில் மில்வாக்கியிலிருந்து வர ஒன்பது நாள்.
காந்தத்துக்கும் அதற்கும் நடுவே
ஒரு விசிட்டிங் கார்டு கனம் இடைவெளி வேண்டும்.
வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று:
க்ளிஃப்டன் ப்ரூல், நில அளவையாளர்.
செருகி, திருகை முடுக்கி, உருவினேன்.
அவர் தொலைபேசி எண்மேல் எண்ணெய்க் கோடு.

அடுத்த பனி பதினான்கு அங்குலம்.
பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளியதில்
பனிக்குள் புதைந்திருந்த முளைக்குச்சியை மறந்துவிட்டேன்.
கடகடவென்று ஒரு சத்தம்.
சிராய்களும் ஆரஞ்சு நாடாவும்
புகைபோக்கி மாதிரியான அந்தக் குழாய் வழியே எழும்பி
பாதி என் பக்கம், பாதி அவள் பக்கம் விழுந்தன.
பின் முறிந்து அலகுகள் அப்படியே நின்றன.
டார்லா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து
ஏதோ கேட்டாள்.
காதில் விழவில்லை.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.