வண்டியைக் கொண்டுபோனவனுக்கு

வெள்ளை நிஸ்ஸானை நீயே வைத்துக்கொள்.
பின்னால் கிடந்த ஏணி, கயிறு,
உபால்தோவின் மழைச்சட்டை,
அதன் பையில் எண்பது பெசோ,
எல்லாம் உனக்கு.
மஞ்சள் பெட்டியை மட்டும் திறந்துவிடாதே.

இதைத்தான் எட்டு நாளும்
வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாலமங்காவில், சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் சாலையில்
டாக்கோ சாப்பிட இறங்கினோம்.
சிவப்பு சால்சாவா பச்சையா என்றாள் கடைக்காரி.
நான் பச்சை என்று சொல்லி முடிப்பதற்குள்
நீ இரண்டாம் கியருக்கு வந்திருந்தாய்.

கனமாக இருந்ததல்லவா?
இருபத்து மூன்று கிலோ.
ஈயம் என்று நினைத்திருப்பாய்,
கிலோவுக்கு இவ்வளவென்று மனக்கணக்குப் போட்டிருப்பாய்.
விவரம் தெரியாவிட்டால் நானும் போட்டிருப்பேன்.
உள்ளே இருப்பது மிளகளவு.
இரும்புக் குழாயின் பற்றவைப்பில்
மயிரிழை விரிசலையும் படம் பிடித்துக்கொடுக்கிற மிளகு.
தொட்டால் சுடாது. வாசனை இல்லை.
பளபளக்கிறதே என்று கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டால்
தொடை முதலில் சிவக்கும், பிறகு
வேண்டாம்.
வானொலியில் மணிக்கொரு தரம் சொன்னார்கள்.
நீ வானொலி கேட்கிற ஆளா?

எழுபத்து நான்கு நாளில் அதன் வீரியம் பாதியாகும்.
அந்தப் பாதியும் உனக்கு அதிகம்.

காவல் நிலையத்தில் நான்கு மணி நேரம்
எவ்வளவுக்கு விற்றாய் என்று என்னைக் கேட்டார்கள்.
பொறியாளர் அரிஸ்மெந்தி காப்பீட்டுத் தாளைத் தேடினார்.
நான் மாதாகோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.
யாருக்கு என்றான் உபால்தோ.
சொல்லவில்லை.
திருடனின் விரல்களுக்கு என்றால் சிரிப்பான்.

உனக்குப் பிள்ளைகள் இருந்தால்
பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து காலாட்டுவார்கள்.
இறக்கிவிடு. அதட்டாமல் இறக்கிவிடு.

ஒன்பதாம் நாள் விடிகாலை.
லெர்மா ஆற்றங்கரை, பூண்டு வயலின் ஓரம்,
சோளத்தட்டைக் குவியலுக்கு அடியில்.
நெரெயிதா கருவியை நீட்டியபடி முன்னால் போனாள்.
பெட்டியருகே அது படபடத்தது,
அலறவில்லை.
மூடித்தான் இருக்கிறது என்றாள்.
எனக்குக் கால் நிற்கவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பூட்டைச் சுற்றி மூன்று உளிக் கீறல்.
முதலாவது ஆழம்.
இரண்டாவது அதைவிட.
மூன்றாவது பாதியில் நின்றிருந்தது.

என்னப்பா நடந்தது அங்கே?
உளி மழுங்கிவிட்டதா?
சாப்பிடக் கூப்பிட்டார்களா?
பக்கத்து வீட்டு வானொலியா?
பெட்டியைப் புரட்டும்போது
அடியிலிருந்த மூவிதழ்ச் சின்னம் கண்ணில் பட்டதா?
பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்போடு நிறுத்தினாய்?

பாதிப்பு ஏதுமில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.
உன் கையை யாரும் பார்க்கவில்லை,
அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

வண்டி இன்னும் கிடைக்கவில்லை.
ஓட்டு.
இரண்டாம் கியர் சிக்கும்,
கிளட்சைக் கடைசிவரை மிதிக்க வேண்டும்.
உபால்தோதான்
மழை தூறும்போதெல்லாம்
சட்டையைக் கேட்டு என் உயிரை எடுக்கிறான்.