ரசீது

செசில் ஸ்திரீட், பதினேழாம் மாடி, இரவு ஒன்பதே கால்.
இரு நாடுகளின் அரசு வருவாய்,
நாற்பது ஆண்டுகள், ஒரே வரைபடத்தில்.
நீலம் நிதானமாக ஏறுகிறது.
சிவப்பு மூன்றாண்டு காணாமல் போய்க்
கீழே எங்கோ முளைக்கிறது.
"புள்ளிக்கோடு போட்டுடு, மாதங்கி."
மேலாளர் ரயிலேறிவிட்டார்.

ஏசி பார்க்க வந்த தூரா
ஏணியிலிருந்து குனிந்தார். சிவப்பு அவர் நாடு.
"அந்த மூணு வருஷமும் கட்டினோமே.
பகல்ல வந்தவங்களுக்கு நெல்லா,
ராத்திரி வந்தவங்களுக்கு ஆளா.
ரசீதுதான் தரலை."

அவர் சட்டைப்பையில்
கீழ்க்கடைப் பார்லி தண்ணீரின் சீட்டு:
வரி தனியே, பதினான்கு காசு.

புள்ளி வைக்கவில்லை.
அடிக்குறிப்பில் 'தரவு இல்லை' என்பதை அழித்து
'ரசீது இல்லை' என்றேன்.

காலையில் திருத்திவிடுவார்கள்.
ஏசி மட்டும் நன்றாகக் குளிரும்.