பூமி டீ குடிக்கப் போயிருக்கிறது

வளசரவாக்கத்தில் ஒரு பழைய ஃப்ளோர்.
ஷட்டரைத் தூக்கினால் நிலா.
எம் சாண்ட் மூன்று லோடு, வெள்ளை சிமென்ட் பத்து மூட்டை.
பள்ளங்களுக்கு மெஸ்ஸிலிருந்து
அன்னக்கூடை வாங்கிக் கவிழ்த்து அழுத்தினோம்.
மே மாதம்.
காற்றே இல்லாத இடம் என்று கதையில் இருந்தது;
ஏசியும் இல்லாததால்
அதை மட்டும் யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

விண்கலம் பார்க்க வெள்ளி,
தட்டினால் பிளைவுட்.
உள்ளே அறுபத்திரண்டு பொத்தான்கள்,
அவற்றில் பதினேழு ஊறுகாய் பாட்டில் மூடி.
எண்ணியது நான்தான்.
எந்த விளக்கு எரிந்தது, எந்தக் குழந்தைக்கு
எந்தப் பல் ஆடிக்கொண்டிருந்தது என்றெல்லாம்
நோட்டில் குறித்துவைப்பது என் வேலை.
காசிமேடு ஜோஷ்வாவுக்குச் செவ்வாயன்று ஒன்று விழுந்தது.
கதைப்படி அன்றைக்கு அவன் சனியில் இருந்தான்.
சனியிலேயே விழுந்ததாக வசனத்தை மாற்றிவிட்டார்கள்.

நாற்பத்தொன்றாம் காட்சி:
விண்கலத்தின் ஜன்னல். நான்கு பிள்ளைகள்.
தூரத்தில் பூமி. கண் கலங்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே பச்சைத் துணி.
துணியின் நடுவில் வெள்ளை டேப்பில்
ஒரு பெருக்கல் குறி ஒட்டினேன்.
"அதுதான் பூமி. அதையே பாருங்க."

இரட்டைப் பெண்கள் யாழ்மொழி, பண்மொழி பார்த்தார்கள்.
ஜோஷ்வா ஓட்டைப் பல்லோடு பார்த்தான்.
ஐஸ்ஹவுஸ் நஸ்ரின் மட்டும்
ஒரு சாண் வலது பக்கம் பார்த்தாள்.

கட்.
"பாப்பா, பூமி இங்க இருக்கு."
"அது அப்போ சார். இப்போ நகர்ந்திருக்கும்ல?"

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.
கேமராமேன் தன் செருப்பைப் பார்த்தார்.
அறிவியல் ஆலோசகர் பூஜையன்று வந்து
சுண்டல் வாங்கிக்கொண்டு போனவர்தான்.
டைரக்டர் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

லைட் டிபார்ட்மென்ட் முனிரத்தினம்
பரணிலிருந்து இறங்கி வந்தார்.
டேப்பை உரித்தார்.
ஒட்டடைக் குச்சி நுனியில் பூமியை ஒட்டினார்.
ஃப்ரேமுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து
மெல்ல, மிக மெல்ல
வலது பக்கம் நகர்த்தினார்.
"போவுது பாரு கண்ணு."

எட்டுக் கண்களும் கூடவே போயின.
டேக் ஓகே.
கண்ணீர்தான் வரவில்லை.
கிளிசரின் வேண்டாம், எரியும் என்று
நான்கு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு ஆங்கிள் வைத்து முடிப்பதற்குள் மணி நாலு.
கேமரா ஓடுகிறது, ஆக்ஷன் சொல்லியாயிற்று,
ஜன்னலுக்கு வெளியே வெறும் பச்சை.
"யோவ், பூமி எங்கய்யா?"

பரண் மேலிருந்து ஒரு குரல்:
"பூமி டீ குடிக்கப் போயிருக்குது சார்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
சிரித்து முடித்த இடத்தில்
ஜோஷ்வா, யாரும் எழுதித் தராமல், கேட்டான்:
"நாம திரும்பிப் போறப்போ அது அங்க இருக்கும்ல?"

பண்மொழிக்கு உதடு கோணியது.
யாழ்மொழி அவள் கையைப் பிடித்தாள்.
கேமராவை நிறுத்த வேண்டாமென்று
டைரக்டர் ஒரு விரலைத் தூக்கினார்.

என் நோட்டில் இருக்கிறது:
காட்சி 41, டேக் 6. பூமி இல்லை. கண்ணீர் உண்டு.

குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
மீசையில் பன் துகளோடு வந்தார் முனிரத்தினம்.
"இன்னா, நான் இல்லாம சுத்துச்சா?"

படம் வந்தது.
வில்லிவாக்கத்தில் மதியக் காட்சி, பாதித் தியேட்டர்.
ஜன்னலுக்கு வெளியே பூமி எழுந்தது;
நீலமாக, மேகம் சுற்றி, அவ்வளவு பெரிதாக.
பின்வரிசைப் பொடியன் ஒருவன்
"அதோ மெட்ராஸு!" என்று கத்தினான்.
அவன் அப்பா பாப்கார்னை மடியில் கொட்டிக்கொண்டார்.
எனக்குத் தொண்டை அடைத்தது.

பக்கத்து சீட்டில் நஸ்ரின்.
ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்து
என் காதருகே வந்தாள்.

"இந்த இடத்துலதான்க்கா
அவருக்குக் கொசு கடிச்சிருச்சு.
பாருங்க, பூமி லைட்டா ஆடுது."